விலை குறைந்த டெலி ஜூம்: வாங்கும்போதும் வாங்கிய பிறகும் செய்யும் தவறுகள்

தூரத்துப் பொருளை அருகில் காட்டும் ஜூம் லென்ஸான டெலி ஜூமை விலை குறைந்ததாக வாங்கலாமா என்று கேட்டால், பகல் வெளிச்சத்தில் வெளியே படம் எடுப்பவருக்கு என் பதில்: தாராளமாக. அரங்குக்குள் நடனமும் இரவு ஆட்டங்களும்தான் எடுக்கப்போகிறீர்கள் என்றால் வேண்டாம். ஜூமை முழுக்க நீட்டினால் இந்த லென்ஸ்களில் ஒளி நுழையும் துளை பெரும்பாலும் எஃப் 5.6-தான் (எஃப் எண் கூடக் கூடத் துளை சிறிதாகும்). எஃப் 2.8 லென்ஸில் நுழையும் ஒளியில் அது கால் பங்கு.

வாங்கும்போது பலரும் சறுக்குவது மிமீ எண்ணில், அதாவது லென்ஸ் தூரத்தை எவ்வளவு இழுக்கும் என்று சொல்லும் எண்ணில். 250-ஐவிட 300 பெரிசு என்று கேனான் 75-300-ஐ எடுத்துவிடுவார்கள். அதன் பெரும்பாலான வகைகளில் கைநடுக்கத்தைச் சமன்செய்யும் ஸ்டெபிலைசர் கிடையாது, 300-க்கு நீட்டினால் படமும் கொஞ்சம் மங்கும். சென்சார் சற்றுச் சிறிதான ஏபிஎஸ்-சி கேமராவாக இருந்தால், ஸ்டெபிலைசர் உள்ள 55-250 எஸ்டிஎம் எவ்வளவோ மேல். குறைகிற 50 மிமீயை, படத்தின் ஓரங்களை வெட்டி (க்ராப் செய்து) ஈடுகட்டலாம், மங்கலை ஈடுகட்ட வழியில்லை. நிக்கானின் ஏஎஃப்-பி டிஎக்ஸ் 70-300 இரண்டு வகையாக வந்தது. பெயரில் விஆர் (நிக்கானின் ஸ்டெபிலைசர்) இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். டி90 போன்ற பழைய கேமரா பாடிகளில் ஏஎஃப்-பி லென்ஸ் ஃபோகஸே செய்யாது.

வாங்கிய பிறகு நடப்பது இன்னும் பாவம். கிளையில் ஒரு மைனா. 300 மிமீ, ஷட்டர் வேகம் 1/125 நொடி. கேமராவின் திரையில் பார்த்தால் ஷார்ப்பாகத்தான் தெரியும். வீட்டில் பெரிதாக்கினால் கண்ணைச் சுற்றிய மஞ்சள் தோலும் தலையின் கருப்பும் ஒன்றாக இழுபட்டிருக்கும். "மட்டமான லென்ஸ்" என்று திட்டு விழும். லென்ஸ் என்ன செய்யும்? ஏபிஎஸ்-சி கேமராவில் 300 மிமீயைக் கையில் பிடித்து எடுக்கக் குறைந்தது 1/500 நொடி வேகம் வேண்டும். ஸ்டெபிலைசர் இருந்தால் வேகத்தை இன்னும் குறைக்கலாம், ஆனால் அது நம் கைநடுக்கத்துக்குத்தான். மைனா தலையைத் திருப்பினால் அதற்கு ஒன்றும் தெரியாது. பறக்கும் பறவைக்கு 1/1000-க்கு மேலேயே போங்கள்.

ஷட்டர் வேகம் கூடினால் ஒளி குறையும்; அதற்கு ஈடாக ஐஎஸ்ஓவை, அதாவது கேமராவின் ஒளியுணர்திறனை, ஏற்ற வேண்டிவரும். இங்கேதான் பலருக்குக் கை வராது. ஐஎஸ்ஓ 1600-ன் புள்ளிகளை மென்பொருளில் குறைக்கலாம். அசைந்த படம் அசைந்ததுதான்.

வெளிச்சம் தாராளமாக இருந்தால் எஃப் 8-க்கு மாற்றிப் பாருங்கள், இந்த லென்ஸ்கள் அங்கே நன்றாகவே தெளியும். அப்புறம், உச்சி வெயிலில் தூரத்துப் பொருள் கலங்கித் தெரிந்தால் அது கானல். எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய லென்ஸிலும் அப்படித்தான் வரும். கிட்டே போவதுதான் வழி.

பழைய லென்ஸ் வாங்குவோர் மிமீ, விலை எல்லாம் கேட்டுவிட்டு உள்ளே பார்க்க மறந்துவிடுகிறார்கள். பின்பக்கமிருந்து டார்ச் அடித்து முன்பக்கம் வழியாகப் பாருங்கள். சிலந்தி வலை மாதிரி இழைகள் தெரிந்தால் பூஞ்சை. ஓரிரு தூசியைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம், பூஞ்சை என்றால் எவ்வளவு குறைத்துச் சொன்னாலும் வாங்காதீர்கள்.