பாரிசவாதத்துக்குப் பின் பார்தெல் புள்ளி போடுவது எப்படி

வாட்டில் இருந்து நோயாளியை வீட்டுக்கு அனுப்பும்போது “கொஞ்சம் நடக்கிறார், சாப்பிடுகிறார்” என்று மட்டும் எழுதினால், மூன்று மாதம் கழித்து அவர் தேறினாரா இல்லையா என்று ஒருவராலும் சொல்ல முடியாது. அதற்குத்தான் பார்தெல் அளவுகோல்: அன்றாட அலுவல்களை ஆள் துணையின்றி எவ்வளவு செய்கிறார் என்று புள்ளியிடுவது. 1965 இல் வெளிவந்தது. பத்து அலுவல்கள், மொத்தம் 100, ஐந்தைந்தாகவே கூடும்.

குளிப்புக்கும், முகம் கழுவிப் பல் தீட்டித் தலை வாருவதற்கும் உச்சப் புள்ளி 5. கட்டிலிலிருந்து கதிரைக்கு மாறுவதற்கும் நடைக்கும் 15. சாப்பாடு, உடுப்பு, மலம் அடக்கல், சிறுநீர் அடக்கல், மலசலகூடப் பாவனை, படி ஏறி இறங்கல் ஆறுக்கும் பத்துப் பத்து.

செய்ததற்குத்தான் புள்ளி, செய்யக்கூடியதற்கு அல்ல. “அப்பா சாப்பிடுவாரோ?” என்று கேட்டால் “ஓம்” என்றுதான் வரும். “நேற்று இரவு ஆர் ஊட்டினது?” என்று கேளுங்கள். பொதுவாகக் கடந்த 24 முதல் 48 மணித்தியாலத்தைப் பார்த்தால் போதும். மலசல அடக்கத்துக்கு ஒரு வாரம். பொல்லு, வோக்கர் பிடித்தால் புள்ளி குறையாது. விழுந்துவிடுவார் என்று பக்கத்தில் ஆள் நின்றால் குறையும்.

படிவம் நம்முடைய வீட்டை நினைத்து எழுதப்பட்டதல்ல, தடுமாற்றம் அங்கேதான். மீன்முள் எடுத்துக் கொடுத்தால் அவரே சாப்பிடுவார் என்றால் 5. வலக்கை விழுந்தவர் இடக்கையால் சாப்பிடக் கூச்சப்படுவார், மகள் ஊட்டிவிடுவாள். கரண்டி பிடிக்க முடிந்தாலும் அன்றைய புள்ளி 0. ஆனால் காரணத்தை ஓரத்தில் எழுதுங்கள். இயன்மருத்துவருக்குப் புள்ளியை விட அந்த வரிதான் உதவும். கிணற்றடியில் மற்றவர் தண்ணீர் அள்ளிக் கொடுத்தால் குளிப்பு 0, ஏனென்றால் அந்த முறையின் எல்லாப் படியையும் ஆள் துணையின்றி அவரே செய்ய வேண்டும்.

நடைக்கு 50 யார், அதாவது ஏறத்தாழ 45 மீற்றர். இறுகிய தரையில் பாருங்கள், கடற்கரை மணலில் வேண்டாம். தனியே நடந்தால் 15, ஒருவர் பிடித்தோ சொல்லிக்கொடுத்தோ நடந்தால் 10, சக்கர நாற்காலியைத் தானே திருப்பி ஓட்டினால் 5. மூதூரிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கியவரை உடனே நடக்க வைக்காதீர்கள்.

படி தான் தொல்லை. வாசல் படி இரண்டைப் பார்த்து 10 போடுவது பிழை. வீட்டில் மாடி இல்லையென்றால் கிளினிக் நாளில் அங்குள்ள படிக்கட்டில் பாருங்கள் (கோணேசர் மலைக்குக் கூட்டிப்போக வேண்டியதில்லை). பார்க்கவே முடியாவிட்டால் “பார்க்கவில்லை” என்று எழுதுங்கள். ஊகித்த 10, மொத்தத்தைக் கெடுத்துவிடும்.

20 க்குப் போடும் வடிவமும் புழக்கத்தில் உண்டு. அதில் 14 என்பது இங்கே 70. “14” என்று மொட்டையாக எழுதாமல் “14/20” என்று எழுதுங்கள். பாரிசவாதத்துக்குப் பின் இயலாமையை மதிப்பிடும் திருத்திய ராங்கின் அளவுகோல் இதற்கு நேரெதிர்: அங்கே 0 என்றால் குறையே இல்லை, 6 என்றால் மரணம்.

100 எடுத்தவரைத் தனியே விடலாம் என்று எண்ண வேண்டாம். சமைப்பது, குளிசை பார்த்து எடுப்பது, காசு எண்ணுவது, பேச்சு, ஞாபகம் எதுவும் இதில் இல்லை. பார்க்கின்சன் நோயாளிக்கு இதைப் போடும்போது கடைசிக் குளிசை எடுத்த நேரத்தையும் குறியுங்கள். காலையில் 40 ஆக இருந்தவர் குளிசை வேலை செய்யத் தொடங்கியதும் 80 ஆகலாம்.

தாளில் மொத்தத்தோடு பத்துப் புள்ளிகளும், திகதியும், பதில் சொன்னது மனைவியா மகனா என்பதும் இருக்கட்டும். அடுத்த முறையும் முடிந்தால் அதே ஆளிடம் கேளுங்கள்.