இது எந்த ஃபால்கன்? கால்களை எண்ணிப் பாருங்கள்

விண்கலப் படம் எதைப் பார்த்தாலும் என் கண் முதலில் போவது கலம் தரையில் நிற்கும் கால்களுக்குத்தான். வரைபடத்தையும் பட்டறையிலிருந்து வந்த உருப்படியையும் அருகருகே வைத்துச் சரிபார்த்தே பழகிய கண் இது. அளவு சற்று மாறியிருந்தால் வாதாட இடமுண்டு, எண்ணிக்கை மாறியிருந்தால் இல்லை. அதனால் ஒரு ஷாட்டில் தெரிவது எந்த மாடல் என்று கண்டுபிடிக்க, எண்ணக்கூடியதை முதலில் எண்ணுங்கள்: கால்கள், ஜன்னல்கள், எஞ்சின் வாய்கள்.

'ஸ்டார் வார்ஸ்' படங்களில் வரும் விண்கலமான மில்லேனியம் ஃபால்கனில் தொடங்கலாம். 1977-இல் வந்த 'ஸ்டார் வார்ஸ்' படத்தில் அதற்கு மூன்று கால்கள். 1980-இல் வந்த 'தி எம்பயர் ஸ்ட்ரைக்ஸ் பேக்' படத்தில் ஐந்து. கதையில் இதற்கு விளக்கம் தேடாதீர்கள், தச்சர்களிடம் தேடுங்கள். முதல் படத்துக்கு எல்ஸ்ட்ரீ ஸ்டுடியோவில் கட்டியது பாதிக் கலம்தான், விமானி அறை இருக்கும் வலது பக்கம் மட்டும். அடுத்த படத்துக்கு வேல்ஸில் உள்ள பெம்ப்ரோக் டாக்கில் முழுக் கலத்தையும் கட்டினார்கள். கூடுதல் கால்கள் அப்போது வந்தவை. செட் மாறியதும், பறக்கும் காட்சிகளுக்கான மினியேச்சரும் (சிறிய மாடல்) அதைப் பின்பற்ற வேண்டியதாயிற்று. பழைய ஐந்தடி மாடலின் அடிவயிற்றில் முன்பக்கம், கால்கள் மடங்கி அடங்கும் இரண்டு பெட்டிகளைச் சேர்த்தார்கள். புதிதாகச் செய்த 32 அங்குல மாடலில் அவை பிறப்பிலேயே உண்டு.

ஆகவே கால்கள் மடங்கிப் பறக்கும் ஷாட்டிலும் இதைக் கண்டுபிடித்துவிடலாம். அடிப்பக்கம் தெரியும் இடத்தில் நிறுத்துங்கள். வெளிச்சம் நேராக விழும் ஃப்ரேம் பயன்படாது, எல்லாம் தட்டையாகத் தெரியும். ஒன்றிரண்டு ஃப்ரேம் முன்பின் தள்ளி, வெளிச்சம் பக்கவாட்டில் சரியும் இடத்தைப் பிடியுங்கள். பெட்டி இருந்தால் அதன் நிழல் விழும்.

இரண்டு மினியேச்சர்களைப் பிரித்தறிய மேற்பரப்பின் நுணுக்கங்களைப் பாருங்கள். அந்தக் குழாய்களும் மூடிகளும் கடையில் விற்ற பிளாஸ்டிக் கிட்களிலிருந்து, டாங்கி, கார், விமானம் என்று பிரித்தெடுத்து ஒட்டியவை. பெரிய மாடலில் பொருந்திய துண்டைச் சின்ன மாடலில் ஒட்டினால் பூதாகாரமாகத் தெரியும், வேறு துண்டு தேட வேண்டும். அதனால் இரண்டும் அச்சு அசல் ஒன்றாக இருக்கவே முடியாது. இதைக் குறை என்று சொல்ல எனக்கு மனம் வராது. ஒவ்வொரு துண்டும் ஒருவர் தன் கையால் தேர்ந்து வைத்தது.

அடுத்தது இடம் வலம். ஃபால்கனின் விமானி அறை வலது விளிம்பில் இருக்கிறது. படச்சுருளைத் திருப்பிப் போட்டால் அது இடதுபுறம் வந்துவிடும். சமச்சீரான கலத்தில் இந்த வசதி இல்லை, கலத்தின் மேல் எழுதிய எழுத்தையும் எண்ணையும்தான் நம்ப வேண்டும்.

அவையும் ஏமாற்றலாம் என்பதற்கு 'ஸ்டார் ட்ரெக்' தொலைக்காட்சித் தொடரின் எண்டர்ப்ரைஸ் கலத்தைவிட நல்ல பாடம் கிடையாது. அந்தப் பதினோரு அடி மாடலின் உள்ளே விளக்கு வைத்தபோது ஒயர்கள் இடது பக்கமாக வெளியே வந்தன. அதனால் கேமராவுக்கு வலது பக்கத்தையே காட்டினார்கள். இடது பக்கம் தேவைப்பட்டபோது எண்களைக் கண்ணாடி பிம்பமாக ஒட்டிப் படமெடுத்து, பிறகு படத்தைத் திருப்பினார்கள்.

இதே கலத்தில் இன்னொரு சுவாரசியமும் உண்டு. முன்னோட்ட எபிசோடுகளுக்கு (தொடர் தொடங்குமுன் சோதனையாக எடுத்தவை) எடுத்த ஷாட்களைத் தொடரிலும் அடிக்கடி பயன்படுத்தினார்கள். அதற்குள் மாடலையோ மாற்றியிருந்தார்கள். எஞ்சின் உருளைகளின் முன்முனையைக் கவனியுங்கள். ஒளிராமல் நடுவில் கூர்முள் இருந்தால் முன்னோட்டக் காலத்தது, உள்ளே விளக்கு சுழன்றால் தொடருக்காக மாற்றியது. முன்புறம் உள்ள, ஆன்டெனா போன்ற கிண்ண வடிவத் தட்டும் பழையதில் பெரிது. ஒரே எபிசோடில், ஒரே பயணத்தில், இரண்டும் மாறி மாறி வரும்.

உள்ளும் புறமும் ஒத்துப்போகிறதா என்று பார்க்க மனிதர்களே அளவுகோல். அதே தொடரின் கலிலியோ சிறுகலத்துக்குள் நடிகர்கள் நிமிர்ந்து நடக்கிறார்கள். வெளியே அவர்கள் அதன் பக்கத்தில் நிற்கும் ஷாட்டில் கூரை எங்கே இருக்கிறது என்று பாருங்கள். அந்த உயரம் உள்ளே கிடைக்க வழியே இல்லை. கதவருகே ஆள் நிற்கும் ஷாட் ஒன்று கிடைத்தால் போதும், காகிதத்தை எடுத்து அளந்துவிடலாம்.

இதையெல்லாம் செய்யுமுன் கையில் இருப்பது எந்தப் பதிப்பு என்று உறுதி செய்துகொள்ளுங்கள். 1997-இல் 'ஸ்டார் வார்ஸ்' படத்தில் கணினியில் செய்த ஃபால்கன் ஷாட்களைச் சேர்த்தார்கள். 2006 முதல் 'ஸ்டார் ட்ரெக்' மாடல் ஷாட்களுக்குப் பதிலாகக் கணினிக் காட்சிகள் வந்தன. அந்தத் தொடரின் ப்ளூ-ரே வட்டில் பழைய காட்சிகளையும் தேர்ந்தெடுக்கலாம். மெனுவில் அதைப் போட்டுவிட்டுத் தொடங்குங்கள்.