கத்திரி வெயிலுக்குப் பயந்து டயர் காற்றைக் குறைக்காதீர்கள்

சித்திரை பிறந்து வெயில் ஏறியதும் பெட்ரோல் பங்க் காற்று மிஷின் பக்கத்தில் ஒரு குரல் தவறாமல் கேட்கும்: "தம்பி, 33 வேணாம், 28 போடுப்பா. இந்த வெயிலுக்கு டயர் வெடிச்சிடும்."

சூட்டில் காற்று விரியும், அழுத்தம் கூடும், அதனால் முன்கூட்டியே குறைத்து வைப்போம் என்பது கணக்கு. அதில் பாதிதான் சரி. வெப்பம் 10 டிகிரி செல்சியஸ் கூடினால் டயரில் ஏறுவது ஒன்றரை முதல் 2 பிஎஸ்ஐ (பங்க் மிஷின் காட்டும் காற்றழுத்த அளவு) மட்டுமே. காலையில் 28 டிகிரியில் 33 இருந்த டயர், மதியம் 38 டிகிரியில் நின்றால் 35-ஐத் தாண்டாது. சென்னை ஜிஎஸ்டி ரோட்டில் ஒரு மணி நேரம் ஓட்டினால் இன்னும் 4, 5 கூடலாம். எப்படிப் பார்த்தாலும் 40-ஐ ஒட்டித்தான் நிற்கும். டயரின் பக்கச் சுவரில் அச்சடித்திருக்கும் அதிகபட்ச அளவைப் பாருங்கள். பல கார் டயர்களில் 44 அல்லது 51 என்று இருக்கும். அதுவும் ஆறிய டயருக்கான அளவு. ஓடும்போது ஏறும் சூட்டையும் சேர்த்தே டயரை வடிவமைக்கிறார்கள்.

வெடிக்க வைப்பது குறைந்த காற்று. காற்று போதாத டயர் தரையைத் தொடும் இடத்தில் சப்பையாகி, மேலே வரும்போது பழைய வடிவத்துக்குத் திரும்புகிறது. மணிக்கு 100 கிலோமீட்டரில் சாதாரண கார் சக்கரம் நிமிடத்துக்கு 850 முறை சுற்றும். பக்கச் சுவர் அத்தனை முறையும் மடங்கி நிமிர்கிறது. கம்பியை முன்னும் பின்னும் வளைத்தால் வளையும் இடம் சுடுமே, அதே கதைதான். உள்ளே ரப்பரும் நூலடுக்கும் ஒட்டுவிட்டு, திண்டிவனம் தாண்டும் நேரத்தில் பக்கச் சுவர் கிழியும். பழியை வெயில் சுமக்கும்.

சரியான அளவு எங்கே எழுதியிருக்கிறது? டிரைவர் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். சில கார்களில் பெட்ரோல் மூடிக்கு உட்புறம். முன் சக்கரம், பின் சக்கரம், குறைந்த ஆள், முழு ஆள் என்று தனித்தனியாகப் போட்டிருப்பார்கள். அழுத்தத்தின் வேறு அலகுகளில் 230 கேபிஏ அல்லது 2.3 பார் என்றிருந்தால் அது ஏறக்குறைய 33 பிஎஸ்ஐ. பக்கச் சுவரில் இருக்கும் 44-ஐ அடிக்க வேண்டிய அளவாக எடுத்துக்கொள்வது இன்னொரு தவறு. டயரின் நடுப்பகுதி மட்டும் தேயும், பிரேக் பிடிமானம் குறையும், பள்ளத்தில் இறங்கினால் முதுகு சொல்லும். "முப்பத்தஞ்சு போட்டுடவா சார்?" என்ற கேள்விக்குத் தலையாட்டுவதும் இதே ரகம். உங்கள் காரின் எண் என்ன என்று அந்தப் பையனுக்கு எப்படித் தெரியும்? ஐந்து பேரும் மூட்டையுமாகத் திருப்பதி கிளம்பும்போது முழு ஆள் கட்டத்தில் இருக்கும் அளவை அடியுங்கள்; பெரும்பாலும் பின் சக்கரத்துக்குத்தான் கூடுதலாகக் கேட்கும்.

ஸ்டிக்கரில் இருப்பது ஆறிய டயருக்கான அளவு. அதாவது, கார் குறைந்தது 3 மணி நேரம் நின்றிருக்க வேண்டும், அல்லது 2 கிலோமீட்டருக்குள் மெதுவாக ஓடியிருக்க வேண்டும். தாம்பரத்திலிருந்து கிண்டி வரை ஓட்டிவந்து பங்க்கில் பார்த்தால் 37 காட்டும். "அதிகமா இருக்கு சார்" என்று 33-க்கு இறக்கிவிடுவார்கள். மறுநாள் காலை அதே டயரில் 29தான் இருக்கும். சூடான டயரிலிருந்து காற்றை இறக்கவே கூடாது.

இதற்கு எளிய வழி உண்டு. சில நூறு ரூபாய்க்குக் காற்றழுத்தம் பார்க்கும் கேஜ் ஒன்று வாங்கி, காலையில் வெயில் படுவதற்கு முன் வீட்டிலேயே நான்கு சக்கரத்தையும் பாருங்கள். ஸ்டிக்கரில் 33 இருந்து, இடது முன் சக்கரம் 29 என்றால் குறைவு 4. அந்த 4-ஐ மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். பங்க் போய்ச் சேரும்போது அதே சக்கரம் 32 காட்டினால் 36-க்கு அடிக்கச் சொல்லுங்கள். நான்கு சக்கரத்துக்கும் இப்படித் தனித்தனியாக. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை போதும். ஓட்டையே இல்லாத டயரும் மாதத்துக்கு 1, 2 பிஎஸ்ஐ இழக்கும். ரேடியல் டயர் சரியான காற்றிலும் அடியில் லேசாகப் பிதுங்கித்தான் தெரியும் என்பதால் கண்ணால் பார்த்தும், காலால் உதைத்தும் ஒன்றும் தெரிந்துகொள்ள முடியாது. டேஷ்போர்டு எச்சரிக்கை விளக்கை நம்பி இருப்பவர்களுக்கு: பல கார்களில் கால் பங்கு காற்று போன பிறகுதான் அது எரியும்.

காற்றுக்குப் பதில் நைட்ரஜன் அடிக்கலாமா? நாம் மூச்சுவிடும் காற்றிலேயே 78 சதவீதம் அதுதான். கொஞ்சம் மெதுவாகக் கசியும், ஈரப்பதம் இருக்காது, நல்லதுதான். ஆனால் சூட்டில் விரியாது என்று சொன்னால் நம்பாதீர்கள், சாதாரணக் காற்றைப் போலவே விரியும். அவசரத்துக்குச் சாதாரணக் காற்றைக் கலந்தால் எந்தக் கெடுதலும் இல்லை.

ஐப்பசி மழையில் "கிரிப்" கிடைக்கும் என்று காற்றைக் குறைப்பவர்களும் இருக்கிறார்கள். தேங்கிய நீரில் வேகமாகப் போகும்போது, காற்று குறைந்த டயர் தண்ணீரைக் கிழித்துத் தரையைத் தொடாமல் மேலே மிதக்கும். ஸ்டியரிங் லேசாகிவிட்டது போல் தோன்றுவது அப்போதுதான்.

ஸ்டெப்னியைப் பலர் கார் வாங்கிய நாளோடு மறந்துவிடுகிறார்கள். முழு அளவு ஸ்டெப்னியில் மற்ற சக்கரங்களைவிட 3 பிஎஸ்ஐ கூடுதலாக வைத்திருங்கள், மாட்டும்போது இறக்கிக்கொள்ளலாம். மெல்லிய தற்காலிக ஸ்டெப்னி என்றால் பெரும்பாலும் 60 பிஎஸ்ஐ கேட்கும். 33 அடித்து வைத்தால் நடுரோட்டில் உதவாது.

ஒரே ஒரு சக்கரம் மட்டும் வாராவாரம் 3, 4 குறைகிறதா? காற்று அடித்துக்கொண்டே இருப்பதில் பயனில்லை. வால்வு மூடியைக் கழற்றி ஒரு சொட்டு சோப்புத் தண்ணீர் விடுங்கள். குமிழி வந்தால் உள்ளே இருக்கும் வால்வு பின்னை மாற்றினால் போதும், சில்லறைச் செலவுதான். வால்வின் ரப்பர் அடிப்பகுதியில் விரிசல் இருந்தால் வால்வையே மாற்ற வேண்டும். இரண்டும் இல்லையென்றால் தரையைத் தொடும் டிரெட் பகுதியில் ஆணி இருக்கும், அல்லது பள்ளத்தில் அடிபட்டு ரிம் விளிம்பு வளைந்திருக்கும். ஆணி கண்ணில் பட்டால் அங்கேயே பிடுங்கிவிடாதீர்கள். ட்யூப்லெஸ் டயரில் அந்த ஆணிதான் அப்போதைக்கு அடைப்பு. அதோடு மெதுவாகப் பஞ்சர் கடை வரை ஓட்டிப் போய்விடலாம்.