டெக்கால் ஒட்டுவதற்கு முன்னால்

பிளாஸ்டிக் மாடல் கட்டும்போது பசையை வழியவிடுவது, பாகத்தை அதைத் தாங்கும் ஸ்ப்ரூ சட்டத்திலிருந்து முறுக்கிப் பிய்ப்பது எல்லாம் இரண்டு கிட் கட்டினால் தானாகவே போய்விடும். அவற்றை இங்கே எழுதவில்லை. யாராவது சொல்லாமல் போகாத தவறுகள் சில இருக்கின்றன. புதிதாக வருபவர்களின் மேஜையில் அவற்றையே திரும்பத் திரும்பப் பார்க்கிறேன்.

மேட் பெயிண்டின் மேல் டெக்கால்

மேட் என்றால் பளபளப்பில்லாத பெயிண்ட். டெக்கால் என்றால் நீரில் நனைத்து மாடலில் ஒட்டும் மெல்லிய அடையாளப் படம். அண்மையில் ஒரு தம்பி 1/72 அளவில் கட்டிய ஹன்டர் விமானத்தைக் கொண்டுவந்து காட்டினார். 1971 டிசம்பரில் ஜெய்சல்மரிலிருந்து கிளம்பி லோங்கேவாலாவில் பாகிஸ்தான் டாங்கிகளை அடித்த ஹன்டர். இறக்கை சேரும் இடத்தில் இடைவெளியே தெரியவில்லை. கரும்பச்சையும் சாம்பலும் சந்திக்கும் விளிம்பு அவ்வளவு சுத்தம். ஆனால் காவி, வெள்ளை, பச்சை வட்டத்தைச் சுற்றிலும், பின்பக்கத்துப் பதிவு எண்ணின் எழுத்துகளுக்கு நடுவிலும், பாலாடை படிந்தது போல ஒரு வெள்ளிப் பூச்சு. “கிட்ல வந்த டெக்கால் மட்டம் சார்” என்றார். டெக்கால் நன்றாகத்தான் இருந்தது. மேட் பெயிண்டின் மேல் நேராக ஒட்டியிருந்தார்.

மேட் பெயிண்டின் மேற்பரப்பு கண்ணுக்குத் தெரியாத அளவில் கரடுமுரடானது. டெக்காலின் படலம் அந்த மேடுகளின் உச்சியில் மட்டும் உட்காரும், பள்ளங்களில் காற்று சிக்கிக்கொள்ளும். அந்தக் காற்றில் வெளிச்சம் சிதறுவதுதான் வெள்ளியாகத் தெரிகிறது. கருமையான நிறம் என்றால் இன்னும் பளிச்சென்று தெரியும். கடைசியில் மேட் வார்னிஷ் அடித்தால் மறைந்துவிடும் என்று நம்புகிறார்கள். மறையாது. காற்று அடியில் இருக்கிறது, வார்னிஷ் மேலே பூட்டுப் போடுகிறது.

எனக்கு இன்றைக்கும் எரிச்சல் வருவது இதற்குத்தான். உப்புத்தாள் போட்டு, மாஸ்கிங் டேப் ஒட்டி, வாரக்கணக்கில் உழைத்த வேலை கடைசிப் படியில் கெடுகிறது. கிட்டில் இருப்பது ஒரே ஒரு டெக்கால் தாள். இந்திய விமானப்படை அடையாளங்களைத் தனியாக வாங்கப் போனால் கிட்டின் விலைக்கே வந்து நிற்கலாம். இதைத் தடுக்கத் தேவைப்படுவது ஒரு பாட்டில் பளபளப்பு கிளியர் (நிறமில்லாத பூச்சு), அவ்வளவுதான்.

பெயிண்ட் முழுதாகக் காயட்டும். அக்ரிலிக் என்றால் ஒரு நாள், எனாமல் என்றால் இன்னும் சில நாள். அப்புறம் கிளியரை மெல்லிசாக இரண்டு கை அடித்துக் காயவிடுங்கள். விளக்கைச் சாய்த்துப் பிடித்தால் உடம்பு முழுக்க வெளிச்சம் வழுக்கிக்கொண்டு போக வேண்டும். அதன் பிறகுதான் டெக்கால். ஒட்டும் இடத்தில் மைக்ரோ செட் (டெக்கால் பிடிக்க உதவும் திரவம்) தடவி, டெக்காலை நகர்த்தி வைத்து, நீரை ஒற்றியெடுத்த பின் மேலே மைக்ரோ சால் (டெக்காலை இளக்கும் திரவம்) தொடுங்கள். சிறிது நேரத்தில் படலம் சுருங்கிக் கோணலாகும். அப்போது தொட்டால் கிழிந்துவிடும். கையைக் கட்டிக்கொண்டு இருங்கள். காயும்போது அதுவே படிந்து, தகடுகள் சேரும் பேனல் கோட்டுக்குள் இறங்கிவிடும். எங்காவது குமிழ் மிச்சமிருந்தால் ஊசிமுனையால் குத்தி, இன்னொரு சொட்டு மைக்ரோ சால் விடலாம். மேலே மறுபடியும் ஒரு கிளியர். மேட் வார்னிஷ் எல்லாவற்றுக்கும் கடைசி.

விமானத்தின் கண்ணாடிக்குச் சூப்பர் க்ளூ

கூடாது. ஆவி படிந்து வெளுத்துவிடும். பெவிகால் வகை வெள்ளைப் பசை போதும்.

மூக்கில் எடை

மூக்குச் சக்கரம் உள்ள விமானம் வால் தரையில் இடித்து உட்காராமல் இருக்க வைக்கும் எடையை, உடம்பின் இரு பாதிகளை ஒட்டுவதற்கு முன்பே போடுங்கள்.

போர்க்கப்பல் முழுக்கத் துரு

கப்பல் என்றாலே நங்கூரத்திலிருந்து வால்வரை துரு ஒழுகவிடுகிறார்கள். ஜெர்மன் போர்க்கப்பல் பிஸ்மார்க் 1940 ஆகஸ்டில் படையில் சேர்ந்து 1941 மே 27இல் மூழ்கிவிட்டது. மூழ்குவதற்கு ஆறு நாள் முன்புகூட நார்வேயில் அதன் பக்கவாட்டுப் பட்டைகளைச் சாம்பல் பூசி மறைத்தார்கள். அந்தக் கப்பலில் அவ்வளவு துரு எங்கிருந்து வரும்? எந்த மாதம், எந்த நாள் என்று முதலில் முடிவு செய்யுங்கள். அந்தத் தேதியையொட்டிய புகைப்படங்களைப் பார்த்துவிட்டு அழுக்கைத் தொடுங்கள்.

அளவையும் கணக்குப் போட வேண்டும். 1/700 கப்பலில் 0.2 மி.மீ. நூலைக் கம்பியாகக் கட்டினால், நிஜத்தில் அது 14 செ.மீ. தடிமன். 1/72 விமானத்தில் ஒரு மி.மீ. பெயிண்ட் உரிசல் நிஜத்தில் 7 செ.மீ.க்கு மேல். பென்சில் முனையால் ஒரு புள்ளி வைத்தாலே தாராளம்.

மழைக்கால வார்னிஷ்

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் லாக்கர் வார்னிஷ் அடிக்காதீர்கள். காற்றின் ஈரம் படிந்து பூச்சு வெளுக்கும். வானம் வெளுத்து, காற்று காய்ந்த நாளாகப் பார்த்து அடியுங்கள். அதுவரை மாடலை மூடி போட்ட டப்பாவில் வைத்திருக்கலாம்.