தடைபட்ட ரைஃபிளுக்கு மாற்றாக எதை வாங்குவது: கனடா வேட்டைக்காரர்களுக்கு

2020 மே 1 அன்று கனடா அரசு ஏறத்தாழ 1,500 மாடல்களை ஒரே ஆணையில் தடைசெய்தது. 2024 டிசம்பரில் 324, 2025 மார்ச்சில் 179 என்று பட்டியல் நீண்டது. பண்ணையில் கயோட்டி விரட்டப் பயன்பட்ட ருகர் மினி-14, மான் வேட்டைக்குப் போன எம்14 வகைகள், விஇசட்58 எல்லாம் இப்போது பெட்டியில் பூட்டிக் கிடக்கின்றன.

மாற்று தேடுபவர்களில் பலர் பட்டியலில் பெயர் இல்லாத இன்னொரு செமி-ஆட்டோவைத்தான் (சுட்டதும் அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்ளும் துப்பாக்கி) முதலில் பார்க்கிறார்கள். அது வேண்டாம். 2022 நவம்பரில் சி-21 மசோதாவுக்கு வந்த திருத்தத்தில் சோவியத் செமி-ஆட்டோவான எஸ்கேஎஸ் உட்பட ஏராளமான வேட்டைத் துப்பாக்கிகள் அடிபட்டன. எதிர்ப்புக்குப் பின் 2023 பிப்ரவரியில்தான் அது திரும்பப் பெறப்பட்டது. அரசு கை வைக்க நினைத்தது எதில் என்பது அப்போதே தெரிந்துவிட்டது. தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்ளும் இயக்கமும் கழற்றி மாட்டும் மகசினும் (தோட்டாக் கூடு) சேர்ந்திருந்தால் சட்டத்தின் கண் அங்கே போகும். ஒவ்வொரு முறையும் கையால் இயக்கித் தோட்டா ஏற்றும் போல்ட், லீவர், பம்ப் ஆக்‌ஷன்களில் அந்தச் சிக்கல் குறைவு. ஆனால் எந்த ஆக்‌ஷனாக இருந்தாலும் குழல்வாய் ஆற்றல் 10,000 ஜூலுக்கு மேல் போனால் தடைதான். .308 சுமார் 3,500, .30-06 சுமார் 4,000 ஜூல் என்பதால் சாதாரண வேட்டைக்காரருக்குக் கவலையில்லை.

அடுத்து தோட்டா. வீட்டில் மிச்சமிருப்பதை வைத்து முடிவெடுப்பது சரியான கணக்கு. மினி-14 வைத்திருந்தவருக்கு .223 போல்ட் ஆக்‌ஷன் பொருந்தும். ஆனால் தோட்டா உட்காரும் அறை .223க்கு மட்டும் வெட்டப்பட்டதா, 5.56க்கும் ஏற்றதா என்று குழல் முத்திரையைப் பாருங்கள். .223 அறையில் 5.56 தோட்டா போட்டால் அழுத்தம் அளவு மீறலாம். குழலின் உள்வரிகள் எத்தனை அங்குலத்துக்கு ஒருமுறை சுற்றுகின்றன என்ற முறுக்கையும் கேளுங்கள்: 12 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்றால் 55 கிரெய்ன் (குண்டின் எடை அளவு) குண்டுவரைதான் நிலையாகப் பறக்கும், 8 அல்லது 9 அங்குலம் என்றால் 69 கிரெய்ன்வரை போகலாம். எம்14 வகை வைத்திருந்தவர்களுக்கு .308. அது எந்த ஊர்க் கடையிலும் கிடைக்கும், மூஸ்வரை தாங்கும். 7.62×39 பெட்டிகள் குவிந்திருந்தால் ருகர் அமெரிக்கன் ராஞ்ச் அல்லது ஹோவா மினி பார்க்கலாம். பழைய ராணுவ உபரித் தோட்டாக்களின் பிரைமர் (தோட்டாவின் அடியில் மருந்தைப் பற்றவைக்கும் பகுதி) விட்டுச்செல்லும் உப்பு குழலை அரிக்கும். சுட்ட அன்றே வெந்நீர் ஊற்றிக் கழுவி, உலர்த்தி, எண்ணெய் போட வேண்டும்; வெறும் எண்ணெய் துடைத்தால் அந்த உப்பு போகாது.

மகசினில் ஒரு பொறி இருக்கிறது. ஐந்து தோட்டா வரம்பு சென்டர்ஃபயர் (பிரைமர் தோட்டாவின் அடி நடுவில் உள்ள வகை) செமி-ஆட்டோவுக்கு மட்டும்தானே என்று பலர் நினைக்கிறார்கள். சட்டம் பார்ப்பது அந்த மகசின் எந்தத் துப்பாக்கிக்காக வடிவமைக்கப்பட்டது என்பதை. செமி-ஆட்டோவான ஏஆர்-15இன் மகசினை ஏற்கும் போல்ட் அல்லது பம்ப் ரைஃபிளில் அதே ஏஆர் மகசினை மாட்டினால், அங்கும் ஐந்துதான். கையில் பழைய பெரிய மகசின் இருந்தால் அதைத் தொடவே தொடாதீர்கள்.

போல்ட்டில் டிக்கா டி3எக்ஸ் மிக வழவழப்பாக ஓடும், ஆனால் கூடுதல் மகசின் விலை கடிக்கும். சாவேஜ் ஆக்ஸிஸ் மலிவு. குழலைத் தாங்கும் கட்டை லேசாக நெளியும், பையில் சாய்த்துச் சுடும்போது குழலை உரசுகிறதா என்று ஒரு காகிதத்தைக் குழலுக்கும் கட்டைக்கும் நடுவே இழுத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். அடுத்தடுத்து வேகமாகச் சுட வேண்டிய புதர்க்காட்டுக்கு லீவர் சிறந்தது. மார்லின் 336 போன்ற குழாய் மகசினில் கூர் முனைக் குண்டு போடவே கூடாது: ஒன்றின் முனை முன்னால் இருப்பதன் பிரைமரைத் தொட்டு நிற்கும். தட்டை முனை அல்லது இதற்கென்றே செய்த நெகிழ் முனை மட்டும். .30-30ஐ 150 மீட்டருக்குள் வைத்துக்கொண்டால் மானுக்குப் போதும். கூர் குண்டும் தூரமும் வேண்டுமென்றால் பெட்டி மகசின் உள்ள பிரவுனிங் பிஎல்ஆர்.

பழையதை வாங்குவதானால் போல்ட்டைக் கழற்றி, குழலின் இரு முனையிலிருந்தும் வெளிச்சம் விட்டுப் பாருங்கள். குழல்வாய் விளிம்பில் சிறு கீறல் இருந்தாலும் குண்டுகள் சிதறும். ஹெட்ஸ்பேஸ் (அறையில் தோட்டா உட்காரும் இடைவெளி) அளவியில் மேல் வரம்பைக் காட்டும் ‘நோ-கோ’ உள்ளே போய் போல்ட் மூடினால் அந்தத் துப்பாக்கியை விட்டுவிடுங்கள், பேரம் எவ்வளவு குறைந்தாலும். விசையிலிருந்து கட்டையின் பின்முனைவரை நீளம் சுமார் 34 செ.மீ. என்பது பொதுவான அளவு. கடையில் டி-ஷர்ட்டில் நின்று தோளில் வைத்துப் பார்த்தால் பொருந்தியதுபோல் இருக்கும். நவம்பரில் கனத்த கோட்டு போட்டதும் கட்டை அக்குளில் இடிக்கும். கோட்டைக் கையோடு எடுத்துப் போங்கள்.

ஸ்கோப் வளையத் திருகுகளை 2 முதல் 2.5 நியூட்டன் மீட்டர் என்ற அளவில் முறுக்குங்கள். தளர்ந்தால் குறி நகரும், மிகுந்தால் ஸ்கோப் குழாய் நசுங்கும். 150 கிரெய்ன் .308ஐ 200 மீட்டரில் சரிசெய்தால், 300இல் குண்டு சுமார் 25 செ.மீ. இறங்கும். குளிர்கால வேட்டைக்கு முன் போல்ட்டுக்குள் இருக்கும் தொழிற்சாலை எண்ணெயை முழுதாகத் துடைத்துவிட்டு உலர் மசகு போடுங்கள். உறைகுளிரில் எண்ணெய் இறுகி, சுடு ஊசி மெதுவாகப் போய், பிரைமர் வெடிக்காமல் போகும். பலர் அதைத் தோட்டாவின் குறை என்று தூக்கி எறிகிறார்கள்.

காகித வேலை. 2022 மே 18 முதல், ‘கட்டுப்பாடற்ற’ என்று சட்டம் வகைப்படுத்தும் ரைஃபிளையும் விற்பவர் உங்கள் உரிமத்தைப் பதிவாளரிடம் சரிபார்த்து ஒரு குறிப்பு எண் பெற வேண்டும். அது 90 நாள் செல்லும். அதற்குள் பொருள் கைமாறவில்லையானால் மறுபடி கேட்க வேண்டும். தெரிந்தவரிடம் வாங்கினாலும் இதே விதி. மாகாண வேட்டை விதிகள் தனி: ஒன்டாரியோவில் மான், மூஸ், கருங்கரடிக்கு ரிம்ஃபயர் (அடி விளிம்பில் தட்டி வெடிக்கும் தோட்டா) கூடாது, தெற்கில் சில இடங்களில் மான் காலத்தில் ரைஃபிளே கூடாது, ஷாட்கன்தான். ஆகவே பணம் கட்டுமுன் நீங்கள் வேட்டையாடும் பகுதியின் எண்ணை அந்த ஆண்டு விதிச் சுருக்கத்தில் தேடிப் பாருங்கள்.

வீட்டில், தோட்டா இல்லாத நிலையில் விசைப் பூட்டு போட வேண்டும், அல்லது போல்ட்டைக் கழற்றித் தனியே வைக்க வேண்டும், அல்லது பூட்டிய பெட்டியில் வைக்க வேண்டும். தடைசெய்யப்பட்ட பழைய ரைஃபிளைப் புதியதற்கு ஈடாகக் கடையில் கொடுக்கவோ நண்பருக்கு விற்கவோ முடியாது. தடைபட்டதை வைத்திருப்பவர்களுக்கான பொதுமன்னிப்புக் காலம் பலமுறை தள்ளிப்போயிருப்பதால் கடைசித் தேதியை அரசு அறிவிப்பில் மட்டும் பார்த்து, அதற்குள் அரசு சொல்லும் வழியில் ஒப்படையுங்கள்.