அடைப்புக்குறிக்கு முன்னால் மைனஸா? ஒரு நிமிஷம் நில்லுங்க

குரூப் 4-க்குப் படிக்கிற தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டைப் பிள்ளைகளே, இந்தக் கணக்கைப் பாருங்க: 3(எக்ஸ் − 4) − 2(எக்ஸ் − 5) = 7.

மார்க் போவது ஒரே இடத்தில்தான். −2-ஐ −5-ஆல் பெருக்கினால் +10. அவசரத்தில் −10 போட்டால் விடை 29 வரும். கேள்வி எடுப்பவர் அதையும் ஆப்ஷனில் வைத்திருப்பார், அவருக்கு அதுதானே வேலை! சரியாகப் பிரித்தால் எக்ஸ் − 2 = 7, ஆக எக்ஸ் = 9. திரும்பப் போட்டுப் பாருங்க: 15 − 8 = 7.

கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டில் நிற்கிற நேரத்தில் இன்னொன்றும் பழகலாம். அடைப்பைப் பிரிக்காமலே ஆப்ஷன் எண்ணை நேராகப் போடுவது. நடுத்தர எண்ணில் தொடங்குங்க. இந்தக் கணக்கில் இடது பக்கத்து விடை 7-ஐத் தாண்டினால் சின்ன எண்ணுக்கு இறங்கணும், குறைந்தால் பெரிய எண்ணுக்கு.