நீல் தீவுக்கு நண்பர்களோடு: கடைசி இரவை எங்கே கழிக்கப் போகிறீர்கள்?

அந்தமானுக்கு டிக்கெட் போடுவதற்கு முன் எங்கள் பக்கத்துப் பையன்கள் பிளானை எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுவார்கள். நாலு பேரைத் தீவுக்குக் கூட்டிப்போய் ஒழுங்காகத் திரும்பக் கொண்டுவந்தவன் என்று வேலூரில் எனக்கு ஒரு பெயர். காட்பாடிக் கூட்டம் அனுப்பினாலும் சரி, ராணிப்பேட்டை சிப்காட் கூட்டம் அனுப்பினாலும் சரி, திறந்தால் அதே தவறுகள்தான். எங்கள் செட்டும் ஆரம்பத்தில் செய்தவை என்பதால் பார்த்தவுடன் தெரிந்துவிடுகிறது. தொப்பி, சன்ஸ்கிரீன், வாந்தி மாத்திரை எல்லாம் இங்கே கிடையாது. அதை உங்கள் அம்மாவே சொல்லிவிடுவார்.

ஒரு விஷயம் முதலிலேயே. போர்ட் பிளேரிலிருந்து படகில் போகிற நீல் தீவுக்கு 2018 முதல் ஷஹீத் த்வீப் என்று பெயர். அந்தமானின் தலைநகரான போர்ட் பிளேர் 2024 முதல் ஸ்ரீ விஜயபுரம். இணையத்தில் தேடும்போது இரண்டு பெயரும் வரும், குழம்ப வேண்டாம். நான் பழைய பெயரிலேயே சொல்கிறேன்.

சனி, ஞாயிறு போதும் என்று நினைப்பது

போதாது. வேலூரிலிருந்து சென்னை விமான நிலையம் சுமார் 130 கிலோமீட்டர். விடியற்காலை விமானம் என்றால் நடுராத்திரியில் வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டும். அப்புறம் இரண்டு மணி நேரத்துக்கு மேல் விமானம், அதன் பிறகு படகுக்குக் காத்திருப்பு, படகில் ஒன்றரை இரண்டு மணி நேரம். வெள்ளியும் திங்களும் லீவு கிடைத்தால் கிளம்புங்கள். கிடைக்காவிட்டால் ஏலகிரி நல்ல ஊர்தான்.

கப்பலில் போகலாமா?

சென்னையிலிருந்து போர்ட் பிளேர் போய்ச் சேரவே இரண்டரை, மூன்று நாள். விடுங்கள்.

திரும்பும் படகையும் விமானத்தையும் ஒரே நாளில் வைப்பது

இதைப் பார்த்தால் இன்றைக்கும் எனக்குக் கோபம் வருகிறது. பிளான் எப்போதும் இப்படித்தான் இருக்கும்: திங்கள் காலை நீல் தீவிலிருந்து முதல் படகு, மத்தியானம் போர்ட் பிளேரிலிருந்து விமானம். "நடுவுல ரெண்டு மணி நேரம் கேப் இருக்குண்ணா, தாராளமா போதும்" என்று கீழே ஒரு குறிப்பு வேறு.

அந்த இடைவெளி, படகு தாமதமானால் உதவும். படகே விடவில்லை என்றால்? இரண்டு மணி நேரம் இருந்தாலும் ஒன்றுதான், எட்டு மணி நேரம் இருந்தாலும் ஒன்றுதான். நீல் தீவில் விமான நிலையம் கிடையாது. காற்று பலமாகி எச்சரிக்கை வந்தால் படகுகளை நிறுத்திவிடுவார்கள். தென்மேற்குப் பருவமழை மே மாதத்திலேயே அங்கே வந்துவிடும். மழைக்காலம் முடிந்தது என்று நாம் நம்பிப் போகிற அக்டோபர், நவம்பர், டிசம்பரில் வங்கக்கடலில் காற்றழுத்தத் தாழ்வு உருவாகும் காலம். நமக்கு இங்கே ரேடியோவில் 'அந்தமான் அருகே தாழ்வுப் பகுதி' என்று கேட்டால் பள்ளிக்கு லீவு கிடைக்குமா என்ற யோசனை. அங்கே நிற்பவனுக்கு அது தலைக்கு மேல் நடக்கிற விஷயம்.

ராணிப்பேட்டைக் கூட்டம் ஒன்று நான் சொன்னதைக் கேட்காமல் போனது. ஞாயிறு ராத்திரி வரை நல்ல வெயில், நல்ல நிலா, குரூப்பில் படமாக வந்து குவிந்தது. திங்கள் காலை ஜெட்டிக்குப் போனால் அன்றைக்குப் படகு இல்லை. கவுண்டரில் சண்டை போட்டார்கள். படகு டிக்கெட் பணம் திரும்பி வந்துவிட்டது, அதில் தகராறு இல்லை. விமானம்தான் இவர்களுக்காகக் காத்திருக்கவில்லை. படகும் விமானமும் தனித்தனி டிக்கெட். படகு ஓடாததற்கு விமானக் கம்பெனி பொறுப்பாகாது. வராமல் போன பயணிக்கு வரியும் விமான நிலையக் கட்டணமும்தான் திரும்பக் கிடைக்கும். அதையும் கேட்டு வாங்க வேண்டும். மறுநாள் விமானத்துக்குப் புது டிக்கெட் பார்த்தால், போக வர ஆன மொத்தச் செலவைவிட அது ஒன்றே அதிகம். கூட வந்த ஒருவனுடைய தங்கைக்குக் குடியாத்தத்தில் செவ்வாய்க்கிழமை நிச்சயதார்த்தம். மாப்பிள்ளை வீட்டார் தட்டு மாற்றும்போது இவன் வீடியோ காலில் இருந்தான், அதுவும் நின்று நின்று வந்தது.

அப்போது அவன் என்னைக் கூப்பிட்டு ஹெலிகாப்டர் கிடைக்குமா என்று கேட்டான். ஹெலிகாப்டர் இருக்கிறது. தீவு மக்களுக்கும் நோயாளிகளுக்கும் போகத்தான் மற்றவர்களுக்கு. தவிர, படகை நிறுத்துகிற காற்றில் அது மட்டும் பறந்துவிடுமா?

செய்ய வேண்டியது இவ்வளவுதான். வெள்ளி மத்தியானப் படகில் தீவுக்குப் போய்விடுங்கள். வெள்ளி, சனி இரவுகள் அங்கே. ஞாயிறு படகில் திரும்பி, கடைசி இரவைப் போர்ட் பிளேரில் வையுங்கள். ஞாயிறு காலைப் படகு ரத்தானாலும் மத்தியானப் படகு இருக்கும், அதுவும் ரத்தானால் திங்கள் காலை ஒன்று மிச்சம். தீவுக்கு முதல் நாளே போய்விடுவதும் இதற்காகத்தான். ஊர் சுற்றிப் பார்ப்பதைப் போகும்போது வைத்துக்கொண்டு தீவைக் கடைசியில் வைக்கிற பிளான் எல்லாமே இந்த வலையில் போய் விழுகிறது.

"போர்ட் பிளேர்ல ஒரு நைட் வேஸ்ட்ணா" என்பார்கள். 1906-இல் கட்டி முடித்த செல்லுலார் சிறை அங்கே இருக்கிறது, சாயங்காலம் ஒளி-ஒலிக் காட்சி நடக்கும். வேலூர்க்காரனுக்கு ஜெயில் புதிதா என்று கேட்காதீர்கள். ஒரு முறை பார்த்துவிட்டு வந்து பேசுங்கள்.

ஒன்பது மணிக்கு எழுவது

அந்தமான் நமக்குக் கிழக்கே வெகு தூரம், கடிகாரம் மட்டும் ஒன்றுதான். சூரியன் வேலூரைவிடக் கிட்டத்தட்ட ஒரு மணி நேரம் முன்பே உதித்து, ஒரு மணி நேரம் முன்பே மறைந்துவிடும். டிசம்பரில் சாயங்காலம் ஐந்து மணிக்கே லட்சுமண்பூர் கடற்கரையில் சூரியன் கீழே இறங்கிவிடும். டீ குடித்துவிட்டு ஐந்தரைக்குப் போகலாம் என்று கிளம்பியவர்கள் இருட்டில் போட்டோ எடுத்துவிட்டு வந்தார்கள். காலை ஐந்தரைக்கு எழுந்திருங்கள். சீதாபூர் கடற்கரை கிழக்கே பார்த்தது. தீவு சின்னது, வாடகை சைக்கிளே போதும்.

கடல் எப்போதும் ஒரே அளவில் இருக்கும் என்று நம்புவது

தண்ணீர் இல்லாத ஆறு என்று நம் ஊரைக் கேலி செய்வார்கள். பாலாற்றைப் பார்த்து வளர்ந்தவனுக்கு ஏற்றம், வற்றம் எப்படித் தெரியும்? நீல் தீவில் ஒரு நாளின் முழுத் திட்டமும் அதன் மேல்தான் நிற்கிறது. கடல் ஒரு நாளில் இரண்டு முறை ஏறி இரண்டு முறை வற்றும். அந்த நேரம் தினமும் ஐம்பது நிமிடம்போலத் தள்ளிப்போகும். பரத்பூரில் குளிக்க ஏற்றம் வேண்டும்; வற்றத்தில் முழங்கால் தண்ணீரும் காலைக் கிழிக்கிற பவளமும்தான். லட்சுமண்பூர் இரண்டாம் கடற்கரையில் இருக்கும் இயற்கைப் பாறைப் பாலத்துக்கோ இதற்கு நேர்மாறு, வற்றத்தில்தான் நடந்து போக முடியும். நேரம் மாறிப் போனால் இரண்டு இடத்திலும் ஒன்றும் கிடைக்காது, 'ஒண்ணுமே இல்லடா இந்தத் தீவுல' என்று திரும்புவீர்கள்.

வீட்டு தினசரி காலண்டரில் அமாவாசை, பௌர்ணமி பாருங்கள். அதை ஒட்டிய நாட்களில் கடல் அதிகமாக வற்றும், பாலத்துக்கு நல்ல நாள். சரியான மணியைத் தங்குமிடத்தில் கேட்டால் சொல்வார்கள். பாறை வழுக்கும். பின்னால் வார் வைத்த செருப்பு போடுங்கள், ரப்பர் செருப்பு வேண்டாம்.

முதலை எச்சரிக்கைப் பலகை

இருந்தால் இறங்காதீர்கள். உப்புத் தண்ணீர் முதலை அங்கே உண்மையிலேயே உண்டு.

இந்தி தெரியாதே என்று பயப்படுவது

போர்ட் பிளேரில் தமிழ் பேசுகிறவர்கள் நிறைய. நீல் தீவில் பெரும்பாலும் கிழக்கு வங்கத்திலிருந்து வந்து குடியமர்த்தப்பட்ட வங்காளிகளின் குடும்பங்கள். எந்த ஊர் என்று கேட்டால் சென்னை என்று சொல்லாதீர்கள், வேலூர் என்று சொல்லுங்கள். சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்கு வந்துபோன உறவினர் ஒருவராவது அவர்களுக்கு இருப்பார். எங்களுக்குத் தங்க இடம் கொடுத்தவர் காந்தி ரோட்டில் எந்த லாட்ஜில் மூட்டைப்பூச்சி என்பதுவரை சொன்னார்.

ஆம்பூர் பிரியாணி பார்சல்

நடுராத்திரி கட்டி மறுநாள் சாயங்காலம் பிரிப்பதா? வேண்டாம்.

பணம்

ரொக்கம். போர்ட் பிளேரிலேயே எடுத்துக்கொள்ளுங்கள். தீவில் சிக்னல் போனால் ஜிபேயும் போச்சு.

பவளத் துண்டைப் பையில் போட்டுக்கொள்வது

கரையில் செத்துக் கிடக்கிறது, எடுத்தால் என்ன என்று தோன்றும். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் பவளம் புலிக்குச் சமமாக முதல் அட்டவணையில் இருக்கிறது. விமான நிலையத்தில் எக்ஸ்ரேயில் தெரிந்துவிடும். கூட வந்த எல்லோர் பையையும் கொட்டிக் காட்டிவிட்டு, கேள்விகளுக்குப் பதில் சொல்லிக்கொண்டு நிற்க வேண்டும். வீட்டுக்குச் சிப்பிச் சாமான் வேண்டும் என்றால் ஞாயிறு சாயங்காலம் போர்ட் பிளேரில் அரசு நடத்தும் சாகரிகா கடையில் வாங்குங்கள். பில்லை விமானம் ஏறும்வரை கைப்பையிலேயே வைத்திருங்கள்.